வாசலில் முளைக்கும் கல்: சப்பைத் தண்ணிக் கறையின் கதை

ஒரு மார்கழிக் காலையில் அம்மா வாசலில் இருந்து கூப்பிட்டார். "ஏங் கண்ணு, இங்க வந்து பாரு. இதுல எது கோலம், எது கறைன்னு எனக்கே தெரியல."

கோயமுத்தூரில் எங்கள் வீட்டு வாசல் சிமெண்ட் வாசல். மண் வாசலாக இருந்து சாணி தெளித்த காலம் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். சிமெண்ட் போட்டதில் இருந்து தினமும் விடியற்காலையில் போர் தண்ணியை வாளியில் பிடித்து, அடித்துக் கழுவி, அந்த ஈரத்திலேயே கோலம் போடுவார். பதினைந்து வருஷமாக இதுதான் வழக்கம். குழாயடியில் தொடங்கிய வெள்ளைப் படலம் மெதுவாக நகர்ந்து வாசல் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோலம் எப்படித் தெரியும்?

தெரிந்தவர் ஒருவர், "ஆசிட் ஊத்துங்க தம்பி, பளிச்சுனு ஆயிரும்" என்றார். வாங்கி வந்து ஊற்றினேன். நுரை பொங்கியது. கறை போனது. அன்றைக்கு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் காலில் மணல் நெருடுகிறது. ஒரு வருஷத்தில் அங்கங்கே ஜல்லி தலைகாட்டியது. கறையும் திரும்பி வந்தது, அதுவும் முன்பைவிட வேகமாக. சொரசொரப்பான தரையில் மாவுக்கோடு உடைந்து உடைந்து விழுந்தது. "முன்ன போட்டா தெரியல, இப்ப போடவே முடியல" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஏன் அப்படி ஆனது? இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? கறையை எடுக்க ஊற்றியது தரையை ஏன் தின்றது? இதைத் தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். தேடல் ரோமாபுரி வரை போய்விட்டு மறுபடியும் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது.

மண்ணுக்குள் இருக்கும் கறை

எங்கள் பக்கம் தோட்டத்தில் கிணறு வெட்டினாலோ ஆழமாக உழுதாலோ வெள்ளை வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக ஒரு கல் வரும். சுக்காங்கல் என்போம். ஒரு காலத்தில் இதைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பில் கட்டிய வீடுகள் இன்னும் சில ஊர்களில் நிற்கின்றன.

இந்தச் சுக்காங்கல் எப்படி உருவாகிறது என்று படித்தபோதுதான் எனக்கு முதல் முடிச்சு அவிழ்ந்தது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் அந்த வாயு நிறைய உண்டு. அப்படிக் கொஞ்சம் புளித்த தண்ணீர், பாறையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் காயும்போதோ, உள்ளே இருக்கும் வாயு வெளியேறும்போதோ சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடும். நம்மைப் போல வெயில் அதிகம், மழை குறைவு உள்ள ஊரில் மண்ணுக்குள்ளேயே இது ஆயிரக்கணக்கான வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அதுதான் சுக்காங்கல்.

குழாயடியில் படிந்ததும் இதே கல்தான். கால்சியம் கார்பனேட். அழுக்கு என்று நினைத்துத்தான் அதைத் தேய்க்கிறோம். ஆனால் வாசலில் நடப்பது கல் பிறக்கிற வேலை. சோப்புக்கும் சீயக்காய்க்கும் அது அசையாததற்குக் காரணம் இதுதான்.

ரோமானியர்கள் சுரண்டியது

இந்தக் கல்லோடு மிகப் பெரிய அளவில் மல்லுக்கட்டியவர்கள் ரோமானியர்கள். மலையில் இருந்து நகரத்துக்கு மைல் கணக்கில் கல் வாய்க்கால் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பிரான்ஸின் தெற்கே நீம் நகரத்துக்குப் போன வாய்க்கால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம். போன் து கார் என்று இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் மூன்றடுக்குப் பாலம் அதன் ஒரு பகுதிதான். ஊற்று இருந்தது சுண்ணாம்புப் பாறைப் பகுதி. அதனால் வாய்க்காலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் படிவு ஏற ஏற, தண்ணீர் போகும் வழி குறுகிக்கொண்டே வந்தது. சில இடங்களில் அந்தப் படிவு ஒன்றரை அடியை நெருங்குகிறது.

கி.பி. 97-இல் ரோம் நகரத்தின் தண்ணீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்றவர் ஃப்ரான்டினஸ். தன் வேலையைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறார். வாய்க்காலில் சேரும் படிவு சில சமயம் ஓடு போல இறுகி, தண்ணீரின் வழியைக் குறுக்கிவிடும் என்று அதில் சொல்கிறார். வாய்க்கால்களைப் பராமரிக்க இரண்டு அடிமைக் கூட்டங்கள் இருந்தன. அரசுக்குச் சொந்தமாக 240 பேர், பேரரசருக்குச் சொந்தமாக 460 பேர். ஆக 700 பேர். கோடை உச்சத்தில் தண்ணீரை நிறுத்தி வேலை செய்யக் கூடாது, அப்போதுதான் ஊருக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி.

சட்டம் எழுதுவது ஒன்று, நடப்பது ஒன்று என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் தெற்கு பிரான்ஸில் இன்று காஓர் எனப்படும் பழைய திவோனா நகரத்து வாய்க்காலின் படிவை ஆய்வாளர்கள் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான ஆய்வு அது. மரத்தில் வளையம் போலப் படிவிலும் அடுக்கு அடுக்காகக் கோடுகள் உண்டு. அந்த அடுக்குகளுக்கு நடுவில் கருவியால் கொத்திய தடங்கள் இருந்தன. ஒன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்திருக்கிறார்கள். கோடையில் மட்டும் செய்யவே இல்லை. காலப்போக்கில் அந்தச் சுத்தமும் அரிதாகிவிட்டது.

அவர்கள் கையில் இருந்தது உளியும் சுத்தியும், அடிமைகளின் முதுகும்தான். இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. ஜெர்மனியில் ஐஃபெல் மலையில் இருந்து கொலோன் நகரத்துக்கு 95 கிலோமீட்டர் வாய்க்கால் ஒன்று கி.பி. 80 வாக்கில் கட்டப்பட்டது. 200 வருஷத்துக்குள் அது நின்றுபோனது. ஆனால் அதற்குள் சேர்ந்த படிவு கெட்டியாக, பழுப்பு வரிகளோடு, பார்க்க அழகாக இருந்தது. பளிங்கு கிடைக்காத அந்தப் பகுதியில் 11-ஆம் நூற்றாண்டில் இருந்து ஜனங்கள் பழைய வாய்க்காலை உடைத்து அந்தப் படிவை வெட்டி எடுத்து, தேவாலயத் தூண்களும் பலகைகளும் கல்லறைக் கற்களும் செய்தார்கள். டென்மார்க் வரை போயிருக்கிறது. ஒருத்தர் வாசலில் கறை, இன்னொருத்தர் கோயிலில் தூண். பொருள் ஒன்றே.

சுண்ணாம்பைப் போட்டுச் சுண்ணாம்பை எடுத்தவர்

தெளிந்த தண்ணீருக்குள் கல் எப்படி ஒளிந்திருக்கிறது என்பது ரொம்ப நாள் புரியாமலே இருந்தது. 1750களில் ஸ்காட்லாந்தின் ஜோசஃப் பிளாக், சுண்ணாம்புக்கல்லுக்குள் ஒரு வாயு கட்டுண்டு கிடக்கிறது என்று காட்டினார். நாம் கரியமில வாயு என்று சொல்வது அதைத்தான். 1767-இல் ஹென்றி கேவண்டிஷ், லண்டனில் ராத்போன் பிளேஸ் என்ற இடத்துத் தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைத்தும் சோதித்தும் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாயு அதிகமாக இருப்பதால்தான் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து நிற்கிறது, கொதிக்கும்போது வாயு வெளியேறுவதால் கீழே படிகிறது என்பது அவர் கண்டது. அம்மா வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் ஓடு கட்டுவதற்கான விளக்கமும் இதே.

தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றினாலும் படிந்துவிடும் என்பதையும் கேவண்டிஷ் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு அந்த அதிகப்படி வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தாங்க ஆள் இல்லாமல் பழையது, புதியது இரண்டும் சேர்ந்து கீழே விழும். இதை ஒரு தொழில்முறையாக்கி 1841-இல் காப்புரிமை வாங்கியவர் அபர்டீன் நகரத்து வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க். சுண்ணாம்பைப் போட்டுச் சுண்ணாம்பை எடுக்கும் அந்த முறை பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் நடக்கிறது.

தண்ணீரின் கடினத்தை அளக்கவும் கிளார்க் ஒரு வழி சொன்னார். அளந்த சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். எவ்வளவு சேர்த்தபிறகு நுரை நிலைத்து நிற்கிறதோ, அதுதான் கணக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தப் பட்டமும் வாங்காமல் துவைக்கிற கல்லில் தினமும் செய்த சோதனை இது. "இந்தத் தண்ணில சோப்பு போட்டா நுரையே வராது, சப்பத் தண்ணி" என்பதில் கிளார்க்கின் ஆராய்ச்சி மொத்தமும் அடங்கிவிடுகிறது.

சிமெண்டும் அதே வீட்டுப் பிள்ளை

இனி தரைக்கு வருவோம். 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்குவதுதான் அடிப்படை. அவர் செய்தது இன்றைய சிமெண்ட் அல்ல, ஆனால் பெயரும் வழியும் அங்கிருந்து வந்தவை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதை நம்பித்தான் 1930களில் அங்கே சிமெண்ட் ஆலை வந்தது.

சிமெண்டோடு தண்ணீர் சேர்ந்து இறுகும்போது, பிடிமானம் தரும் பொருளோடு கூடவே நீர்த்த சுண்ணாம்பும் உருவாகிறது. இறுகிய சிமெண்ட் பசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். இது தண்ணீரில் கொஞ்சம் கரையும். மழைநீர் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி இந்தச் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டதும் அது கல்லாகும். பழைய சன்ஷேடுக்கு அடியில், பாலங்களுக்கு அடியில், வெள்ளைக் குச்சி போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது சப்பைத் தண்ணியின் வேலை இல்லை, சிமெண்டின் சொந்தச் சுண்ணாம்பு.

ஆகவே வெளித்தரையில் வெள்ளை இரண்டு வழியில் வரும். ஒன்று தண்ணீர் மேலே கொண்டுவந்து வைத்தது. இன்னொன்று தரைக்குள் இருந்து வெளியே பூத்தது. "செவுரு உப்புப் பூத்திருக்கு" என்று சொல்வது இரண்டாவது வகை. குழாயடி, டேங்க் வழியும் இடம், செடித்தொட்டியின் அடி, கார் கழுவும் இடம் என்று தண்ணீர் போன தடத்திலேயே படிந்திருந்தால் முதல் வகை. தண்ணீரே ஊற்றாத இடத்திலும் ஓதம் ஏறி வெள்ளையாக, பஞ்சு போல இருந்து, காய்ந்த துடைப்பத்தால் தட்டினாலே உதிர்ந்தால் இரண்டாவது வகை. இந்தப் பூத்த உப்புக்கு ஆசிட் மருந்தே இல்லை. உள்ளே வரும் ஈரத்தை அடைத்தால்தான் நிற்கும்.

ஆசிட் எப்படி மலிவானது

புளிப்பு கல்லைக் கரைக்கும் என்பது பழைய அறிவு. கி.மு. 218-இல் ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும்போது பாறையைத் தீ வைத்துச் சுட்டு, மேலே காடியை ஊற்றி உடைத்தான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உண்மையோ கதையோ, காடிக்கும் கல்லுக்கும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் ஊற்றியது காடி இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது இவ்வளவு மலிவாகக் கடைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு தொழிற்சாலைக் கதை இருக்கிறது. 1791-இல் பிரான்ஸின் நிக்கோலா லெப்லாங் உப்பில் இருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடா தேவை. 1820களில் இருந்து இங்கிலாந்தில் இந்த ஆலைகள் பெருகின. முதல் படியிலேயே வெளிவரும் அமில வாயுவைப் புகைபோக்கி வழியாக ஊருக்குள் விட்டார்கள். சுற்றிலும் மரம் கருகியது, பயிர் போனது. வழக்குகள் வந்தன. கடைசியில் 1863-இல் வந்த ஆல்கலி சட்டம், அந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்றது. தண்ணீரில் பிடித்த வாயுதான் அமிலம். அதைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட முதல் தலைமை ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். "அமில மழை" என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

காற்றில் விட முடியாத கழிவு, விற்கிற சரக்கானது. லெப்லாங் முறை போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் இந்த அமிலத்தில் பெரும்பங்கு வேறு ரசாயனங்களைச் செய்யும்போது துணைப்பொருளாகத்தான் வருகிறது. அதனால்தான் தெருவில் பினாயிலோடு சேர்த்து அதையும் கூவி விற்க முடிகிறது.

என் வாசலில் நடந்தது இப்போது புரிந்திருக்கும். கறையும் சுண்ணாம்பு, தரையின் பிடிமானமும் சுண்ணாம்பு வழி வந்தது. எது கறை, எது தரை என்று அமிலத்துக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமானால் கறையில் ஒரு சொட்டு, கறை இல்லாத சுத்தமான சிமெண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பல தரைகளில் இரண்டிலும் குமிழ் வரும். மேலே இருந்த வழவழப்பான சிமெண்ட் பூச்சு போனதும் மணலும் ஜல்லியும் வெளியே வந்தன. அந்தச் சொரசொரப்பில் தண்ணீர் தங்க இடம் அதிகம். அதனால் கறையும் வேகமாக ஏறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது வீடு முடிந்ததும் தரையில் ஒட்டிய சிமெண்டை எடுக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வேலை எப்போதும் கடைசி ஆளுக்குத்தான் வரும். பெரும்பாலும் சித்தாள் பெண்கள். கையுறை கிடையாது, செருப்பு கிடையாது, ஜன்னல் சாத்தியிருக்கும். ஃப்ரான்டினஸின் 700 பேரைப் பற்றி எழுதும்போது அவர்கள் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ரெண்டு குழாய்

கோவையில் பல வீடுகளில் ரெண்டு குழாய் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் சப்பைத் தண்ணி. 1920களின் இறுதியில் சிறுவாணி வருவதற்கு முன் ஊரே கிணற்றை நம்பித்தான் இருந்தது. சிறுவாணி மலையில் பெய்த மழை, பாறையோடு அதிகம் பழகாமல் நேராக வருவதால் மென்மையாக இருக்கிறது. போர் தண்ணி பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து வருகிறது. கிணறு வற்றி நாம் ஆழமாகத் துளைக்கத் துளைக்க, பல இடங்களில் மேலே வரும் தண்ணியின் கடினமும் கூடிவிட்டது.

இந்தியக் குடிநீர்த் தரநிலை, மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. 600 உள்ள தண்ணீரை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் வாசலில் வெறும் 10 லிட்டர் தேங்கிக் காய்ந்தால் 6 கிராம் கடினப் பொருள். வருஷத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல். அது முழுக்கக் கறையாகாது, ஒரு பகுதி மழையில் போகும். இருந்தாலும் பதினைந்து வருஷத்துக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் முக்கியமான சொல் "காய்ந்தால்" என்பதுதான். வழிந்து ஓடிப்போன தண்ணீர் அநேகமாக எதையும் விட்டுப்போகாது. நின்று காய்ந்த தண்ணீர்தான் கல்லை வைத்துவிட்டுப் போகிறது.

எடுப்பது எப்படி

கெட்டியான படிவை முதலில் காய்ந்த நிலையில் சுரண்ட வேண்டும். மரக்கட்டையோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், உடைந்த கம்பி துருப்பிடித்து அதுவே ஒரு கறையாகும். மேல் ஓடு போனால் அமிலத்தின் வேலை பாதி குறையும்.

அடுத்து தரையை நன்றாக நனைக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் அமிலம் ஆழமாக இறங்காமல் மேலேயே நிற்கும். நான் காய்ந்த தரையில் ஊற்றியதுதான் பெரிய தப்பு.

பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம் போலக் கரைத்துக்கொள்ளலாம். வினிகரும் ஆகும். எதுவானாலும் தண்ணீரில்தான் அமிலத்தைப் போட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். முதலில் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பாருங்கள். கரைசலை ஊற்றி ஐந்து நிமிஷத்துக்குள் நைலான் பிரஷால் தேய்த்து, காய விடாமல் தண்ணீர் விட்டு அலசுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு தரம். ஒரே மூச்சில் எடுக்க ஆசைப்பட்டால் தரை போய்விடும். கடைசியில் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை அலசினால் ஒட்டியிருக்கும் புளிப்பும் அடங்கும்.

பிளீச்சிங் பவுடரை மட்டும் அமிலத்தோடு, அமிலம் ஊற்றிய ஈரத்தரையில்கூட, சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும். எலுமிச்சைதானே என்று நினைக்காதீர்கள், அதோடு சேர்ந்தாலும் வாயு வரும்.

கடைசி அலசல் நல்ல தண்ணியிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ இருக்கட்டும். ஏசி-யில் இருந்து சொட்டும் தண்ணீர்கூட நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த அதில் சுண்ணாம்பு கிடையாது. சப்பைத் தண்ணியிலேயே அலசி அப்படியே காய விட்டால் பழைய கறைக்குப் பதில் புதுக் கறையை வைத்ததாக ஆகும்.

வராமல் பார்ப்பது எப்படி

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் வாசலைச் சரி பண்ண வந்த கொத்தனார் அண்ணன். தரையில் ஒரு வாளி தண்ணியை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வாட்டமே இல்லீங்க தம்பி. தண்ணி எங்க போகும்? நின்னு காஞ்சு போவுது. நீங்க கறையத் தேய்ச்சுட்டு இருக்கறீங்க" என்றார். ஃப்ரான்டினஸும் கேவண்டிஷும் கிளார்க்கும் சுற்றிவந்து சொன்னதை ஒரு வாளித் தண்ணியில் முடித்துவிட்டார்.

பழைய தரையைக் கொத்திவிட்டு, 10 அடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம் வைத்துப் புதிதாகப் பூசினார். இத்தோடு நாங்கள் மாற்றிக்கொண்டவை சில. மாடி டேங்கின் மிதவை வால்வை மாற்றினோம், இப்போது தண்ணீர் வழிந்து சுவரில் வெள்ளைத் தாரை விடுவதில்லை. சொட்டிய குழாய்க்கு வாஷர் போட்டோம். செடித்தொட்டிகளைத் தட்டில் தூக்கி வைத்தோம். கழுவியதும் தேங்கியதை வைப்பரால் தள்ளிவிடுகிறோம், ரெண்டு நிமிஷ வேலை.

பல வீடுகளில் சிக்கனம் என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பிடித்து வாசல் கழுவுகிறார்கள். நாங்களும் செய்தோம். நல்ல தண்ணியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அதில் உப்பும் சுண்ணாம்பும் இன்னும் செறிவாக இருக்கும். கழிப்பறைக்கு ஊற்றுங்கள், வாசலுக்கு வேண்டாம்.

தரைக்குள் ஊறும் சிலேன், சிலாக்ஸேன் வகைப் பூச்சுகள் கடையில் உண்டு. அவை தண்ணீர் உள்ளே இறங்குவதைக் குறைக்கும், கறை படிந்தாலும் மேலோடு நிற்கும், துடைப்பது சுலபம். ஆனால் தேங்கிக் காயும் தண்ணீர் அதன் மேலும் கல்லை வைக்கத்தான் செய்யும். வாட்டம் இல்லாத தரைக்கு எந்தப் பூச்சும் துணை வராது.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் வீட்டிலும் பெயருக்கு ஒரு குழி தோண்டினோம். போன வருஷம்தான் அதைத் தூர் எடுத்து, ஒரு பெரிய டிரம்மில் மாடி மழைநீரைப் பிடிக்கவும் ஏற்பாடு செய்தோம். அந்த டிரம் தண்ணி வாசலுக்கு மட்டும் என்று அம்மா உத்தரவு.

இந்த மார்கழியில் சாம்பல் நிறத் தரையில் 21 புள்ளிக் கோலம் தெளிவாகத் தெரிந்தது. போட்டோ எடுக்கப் போனேன். அம்மா கோலத்தைப் பார்க்கவில்லை, குனிந்து குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க லேசா வெளுக்குது பாரு கண்ணு. அந்த வைப்பர எடு."